ஜெபம் முடிகிற வரைக்கும்

அவரிடம் கை கொடுத்துவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்வது நம் பொறுப்பு. தானாக விடமாட்டார். சபைக்குப் புதிதாக வந்தவர்கள் "ஸ்தோத்திரம் பிரதர்" என்று கையை நீட்டிவிட்டு, விடுவார் விடுவார் என்று காத்திருந்து, கடைசியில் இருமல் வந்த மாதிரி நடித்து உருவிக்கொண்டு போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எதிராளிதான் முதலில் விட வேண்டும் என்பது அவர் கணக்கு. போனிலும் அப்படியே. கிரெடிட் கார்டு வேண்டுமா என்று எங்கிருந்தோ கூப்பிடுகிற பெண்ணிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவார், ஆனால் அவளே வைக்கட்டும் என்று காதிலேயே பிடித்துக்கொண்டிருப்பார். ஆள் இன்னும் லைனில் இருக்கிறாரே என்று அவளும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

எங்கள் சபையில் கீபோர்டு வாசித்தவர் அவர். எல்லோருக்கும் கீபோர்டு பிரதர், எனக்கு அண்ணா. சபை என்றதும் கோபுரமும் மணியும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கும்மிடிப்பூண்டியில் ரயில் பாதைக்கும் உருக்காலை மதிலுக்கும் நடுவே தகரம் போட்ட ஒரு நீளக் கூடம், அவ்வளவுதான். பாதைக்கு அந்தப்புறம் வாடகை அறைகளில் இருக்கிற சபைக்காரர்களும் கேட்கட்டும் என்று, கூரைமேல் இருந்த குழாய் ஸ்பீக்கரை ஸ்டேஷன் பக்கம் திருப்பிக் கட்டியிருந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் தொழிற்பேட்டை ஆட்கள். இரண்டு தலைமுறைக்கு முன்னால் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பங்கள், இப்போது அடுத்தவர் ஆலையில் கம்பி உருட்டுகின்றன.

பாஸ்டர் அவருக்குத் தாய்மாமன். அம்மா செத்துப்போன பிறகு, ஆந்திர எல்லையோரத்து ஊரிலிருந்து பள்ளிக்கூடப் பையனாக வந்தவரை மாமன்தான் வளர்த்தார். கூடத்துக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு. மற்றவர்கள் சபைக்கு வந்தோம், போனோம். அவர் அங்கேயே இருந்தார்.

நான் பாட்டு வரிகளைச் சுவரில் காட்டுகிறவள். புரொஜெக்டரோடு ஒரு பழைய கம்ப்யூட்டரை இணைத்து, அவருடைய ஸ்டூலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அதனால் அவர் முகத்தைவிடக் கைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கிரீஸ் படிந்த நகங்கள், வெள்ளைக் கட்டைகளின் மேல் அசையாமல் கிடக்கும்.

ஏன் அசையாமல் என்று சொல்ல வேண்டும். எங்கள் மாதிரிச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. பாஸ்டர் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கியதும் கீபோர்டிலிருந்து ஒரு நீளமான சத்தம் அடியில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ராகம் கிடையாது, தாளம் கிடையாது. இரண்டு மூன்று கட்டைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆனால் அது நின்றுபோனால் இருமலும் குழந்தை அழுகையும் வெளியே லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தமும் உள்ளே வந்துவிடும். ஆகவே ஜெபம் முடிகிற வரைக்கும் கீபோர்டுக்காரர் கையை எடுக்கக் கூடாது. எங்கள் பாஸ்டரின் ஜெபமோ நாட்டுத் தலைவர்களில் தொடங்கும். பேட்டையின் முதலாளிகள், ஷிப்ட் இன்சார்ஜ்கள், வேலை போனவர்கள், வரன் அமையாதவர்கள், கிட்னியில் கல் உள்ளவர்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று நிதானமாக வரும். சில ஞாயிறுகளில் முடியப்போகிற மாதிரி குரல் இறங்கும். நாங்கள் செருப்பைக் காலால் துழாவ ஆரம்பிப்போம். அப்போது பார்த்து மறுபடி நாட்டுத் தலைவர்களிடம் போய்விடும்.

எனக்குப் பொறுமை கிடையாது. ஆலையில் ஆறு நாள் உட்கார்ந்த முதுகு ஏழாம் நாளும் உட்கார்ந்திருக்கிறதே என்று எரிச்சல் வரும். "கைய எடுங்கண்ணா, அவரு தானா முடிச்சிடுவாரு" என்று காதோரம் சீண்டுவேன்.

"தொங்கிகினு இருக்குது பாப்பா" என்பார், உதடு அசையாமல்.

எது தொங்குகிறது என்று புரிய அவருடைய வார நாட்களுக்குப் போக வேண்டும். மதிலுக்கு அந்தப்பக்கத்து உருக்காலையில் அவர் கிரேன் ஆப்பரேட்டர். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன் அது. அதில் ஒட்டவைத்த கண்ணாடிக் கூண்டுக்குள் ஏணியில் ஏறிப்போனால் ஷிப்ட் முடிந்துதான் இறக்கம். நானும் அதே ஆலைதான். வாசலில் எடைமேடை, வருகிற போகிற லாரிகளை நிறுத்தி எடை போட்டுச் சீட்டு கொடுக்கிற வேலை. கிரேன் வேலையில் முதல் பாடமே, கொக்கியில் பாரம் தொங்கும்போது ஆப்பரேட்டர் சீட்டை விட்டு எழக் கூடாது என்பது. எல்லா ஆப்பரேட்டர்களுக்கும் தெரிந்த பாடம். மற்றவர்களுக்கு அது ஆலைக்குள் மட்டும்தான்.

ஒருநாள் மத்தியானம் ஒரு கட்டுக் கம்பியைத் தூக்கிப் பாதி வழி போகும்போது மோட்டார் நின்றுவிட்டது. பிரேக் பிடித்துக்கொண்டது, பாரம் அந்தரத்தில் நின்றது. கீழே கயிறு கட்டி ஆட்களை விலக்கிவிட்டார்கள். எலக்ட்ரீஷியன் வெளியே போயிருந்தார். நான் எடைச்சீட்டில் கையெழுத்து வாங்க உள்ளே போனபோது சூப்பர்வைசர் அண்ணாந்து பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"பிரேக்குதான் புடிச்சிகினு இருக்குதே. எறங்கி வந்து துன்னுட்டுப் போய்யா."

"லோடு தொங்குது சார்" என்று மேலிருந்து பதில் வந்தது.

"அது தொங்கட்டும், நீ இன்னாத்துக்குத் தொங்கிகினு இருக்கிற?"

அவர் இறங்கவில்லை. டீயைத் தூக்கில் ஊற்றிக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார்கள். ஷிப்ட் முடிந்து, நான் ஏற வேண்டிய கம்பெனி பஸ் போயே போய்விட்டது. ஒருவழியாகச் சரிசெய்து பாரத்தை இறக்கிய பிறகுதான் அவரும் இறங்கினார். சட்டை முழுக்க வேர்வை. எனக்கு வந்ததே கோபம்.

"கீழ யாருமே இல்ல. யாரு தலைல விழப்போவுதுன்னு குந்திகினு இருந்தீங்க?"

"யாரும் இல்லன்னு எனக்குத் தெரியும் பாப்பா. ஆனா எழுந்திருக்க மனசு வரல." பிறகு நடந்துகொண்டே சொன்னார். "ஜெபமும் அப்டித்தான். முன்னாடி கேன்டீன் அம்மா அழுதுகினு இருக்குது. நான் பாதில கைய எடுத்துட்டா அந்த அழுகை எங்க போயி விழும்?"

கேன்டீன் அம்மா என்றால் எங்கள் ஆலையில் சோறு பரிமாறுகிறவள். மகன் வேலை தேடிப் போனவன், எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியாமல் வருஷங்கள் ஆகிவிட்டன. வாரம் முழுக்க எல்லோரையும் அதட்டிச் சோறு போடுவாள். ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் உட்கார்ந்து, அந்தச் சத்தம் தொடங்கியதும் அழுவாள். அவளுக்கு அழ வேறு இடமில்லை என்பது எனக்கும் தெரியும். அதற்காக ஒரு மனிதன் தன் கையை அங்கேயே அடகு வைக்க வேண்டுமா என்றுதான் எனக்கு ஆத்திரம்.

இனி அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது கீபோர்டோடு வந்தது இல்லை. அவர் செய்தது.

சின்தசைசர் என்பது ஒரு காலத்தில் பெரிய பெட்டியாக இருந்ததாம். இப்போது மென்பொருளாகவே வருகிறது. கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டால் திரை நிறையத் திருகுகள் தெரியும். கீபோர்டை ஒயரில் இணைத்துவிட்டால், கட்டையை அழுத்தும்போது அந்தத் திருகுகளால் நாம் செய்துவைத்த சத்தம் கேட்கும். அவர் செகண்ட் ஹாண்டில் வாங்கிய லேப்டாப்பில் வைத்திருந்தது இலவசமாகக் கிடைக்கிற ஒன்று. யாரோ எங்கோ உட்கார்ந்து எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் விட்டிருந்தார்கள். அதை அவரால் நம்பவே முடியவில்லை. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அதைச் செய்தவர்களுக்காக ஜெபக்குறிப்பு கொடுப்பார். பெயர் தெரியாததால் பாஸ்டரும் "கம்ப்யூட்டருக்குள்ளே ஊழியம் செய்கிற சகோதரர்களை ஆசீர்வதியும்" என்று ஜெபிப்பார். அதற்கும் சபை ஆமென் சொல்லும்.

அதை வைத்து அவர் ஒரு பாட்டுகூடப் போட்டதில்லை. சத்தங்கள் மட்டும்தான் செய்வார். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைப்பார். ஷிப்ட் பஸ், ஏரியில் மழை, கேன்டீன் ரசம். ரசத்துக்கு என்ன சத்தம் என்று கேட்டால் போட்டுக் காட்டுவார். கேட்டால் ரசம் மாதிரிதான் இருக்கும், ஏன் என்று சொல்லத் தெரியாது. கிடைத்த நேரமெல்லாம் ஏதாவது ஒரு திருகைப் பிடித்துக்கொண்டிருப்பார். சத்தம் எப்படி எழ வேண்டும், எங்கே தணிய வேண்டும், எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதற்கெல்லாம் தனித்தனித் திருகுகள் உண்டு. அவருக்குப் பிடித்தது கடைசித் திருகு. விரலை எடுத்த பிறகு சத்தம் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதை அதில்தான் வைக்க வேண்டும்.

"இத மட்டும் கொறைக்க எனக்கு மனசு வராது பாப்பா" என்பார். எந்தச் சத்தமானாலும் அந்தத் திருகு அந்தக் கோடியில்தான் இருக்கும்.

ஒரு ஞாயிறு ஜெபத்தின்போது, இந்தச் சத்தத்தை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று எனக்குத் தோன்றியது. அன்று முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை. திங்கட்கிழமை எடைமேடையில் உட்கார்ந்ததும் பிடிபட்டுவிட்டது. அடுத்த ஆராதனைக்கு முன்னால் அவரை மடக்கினேன்.

"இது நம்ம மில்லு சத்தம்தானே?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "யாருக்கும் சொல்லாத."

கிரேன் கூண்டிலிருந்து ஆலையின் இரைச்சலைப் போனில் பிடித்துக்கொண்டு வந்து, அந்தச் சின்தசைசருக்குள் போட்டு, கூர்மையை எல்லாம் சீவிவிட்டு மெதுவாக ஓடவிட்டிருக்கிறார். அதன்மேல்தான் எங்கள் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. ஆறு நாள் காதைப் பொத்திக்கொண்டு வெறுத்த சத்தத்துக்கு ஏழாம் நாள் உட்கார்ந்து கண்ணீர் விட்டிருக்கிறோம்.

"உங்களுக்கு வேற சத்தமே கெடைக்கலியா?"

"வேற சத்தம் நான் எங்க பாப்பா கேட்டேன்?" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே யோசித்துப் பார்த்துச் சொன்னார். எனக்குத்தான் அன்று பாட்டு வரிகள் மாறி மாறிப் போயின.

தான் செய்த சத்தங்களை அந்தச் சின்தசைசர்க்காரர்கள் கூடுகிற இணையதளத்தில் போட்டுவைப்பார். சும்மா வாங்கியதற்குச் சும்மா கொடுப்பது என்று அவருக்கு ஒரு நியாயம். அதில் ஷிப்ட் பஸ் பெங்களூரில் யாருக்கோ பிடித்துப்போயிற்று. போனில் ஆடுகிற விளையாட்டுகளுக்குச் சத்தம் செய்து கொடுக்கிற சின்ன நிறுவனம். திங்கட்கிழமை காலை நேரில் வந்து செய்து காட்டினால் வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். இங்கிலீஷ் சரியாகப் புரிந்ததா என்று என்னிடம் காட்டினார். படித்துவிட்டு எனக்கு அங்கேயே துள்ள வேண்டும் போல இருந்தது. கூண்டிலிருந்து இறங்கலாம், மில் இரைச்சலிலிருந்து வெளியே போகலாம். அவருக்கு வேறு வாசல் வரப்போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"பாஸ்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னா போன்னுதான் சொல்லுவாரு."

"அப்புறம் இன்னா பேஜாரு?"

"அவரு போன்னு சொல்றத என்னால கேக்க முடியாது பாப்பா. மூஞ்சப் பாத்துட்டா அவ்ளோதான்."

தான் போய்விட்டால் ஜெபத்துக்கு யார் என்பதுதான் அவருடைய கவலை. வேலையைப் பற்றியோ ஊரைப் பற்றியோ பயப்படவில்லை. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தச் சின்தசைசரில் ஹோல்டு என்று ஒரு பட்டன் உண்டு. அதைப் போட்டுக் கட்டையை ஒரு தடவை அழுத்தினால் போதும், விரலை எடுத்தாலும் நிறுத்துகிற வரை சத்தம் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் அது செத்த சத்தமாக, ஒரே மட்டத்தில் நிற்கும். யாருமே வாசிக்கவில்லை என்று சபைக்குத் தெரிந்துவிடும். அதனால் அது மெல்ல ஏறி இறங்கும்படி, ஆள் உட்கார்ந்து மூச்சுவிடுகிற மாதிரி, சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து செய்தார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சோதித்துப் பார்த்தார். கட்டையை ஒருமுறை அழுத்திவிட்டு இரண்டு கைகளையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பாஸ்டரும் கண் திறக்கவில்லை, கேன்டீன் அம்மாவும் அழுகையை நிறுத்தவில்லை. மடியில் கிடந்த கைகளை மட்டும் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன மாதிரி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் தொடங்கியதும் அழுத்திவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விடுவது, லோக்கல் ரயிலில் சென்னை, அங்கிருந்து மத்தியானம் பெங்களூர் ரயில் என்பது திட்டம். எல்லோரும் கண்ணை மூடியிருக்கிற ஒரே நேரம் அதுதானே. மாமனுக்குப் பெங்களூர் போய்ச் சேர்ந்து போன் செய்வார்.

அப்படியே செய்தார். ஜெபம் நாட்டுத் தலைவர்களைத் தாண்டுவதற்குள் அழுத்திவிட்டு எழுந்தார். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் ஒளித்திருந்த பையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். போங்க என்று கண்ணைக் காட்டினேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். அந்த ஸ்டூல் காலியாக இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சத்தம் மட்டும் அவர் இருந்தபடியே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

முதலாளிகள் வந்தார்கள், போனார்கள். கிட்னியில் கல் உள்ளவர்கள் வந்தார்கள். குரல் இறங்கியது, முடியப்போகிறது என்று நினைத்தேன். மறுபடி ஏறியது. நாட்டுத் தலைவர்கள் இரண்டாம் சுற்று வந்தார்கள். எனக்கு அதெல்லாம் பழக்கம்தான். ஆனால் மூன்றாம் சுற்றும் வந்தது. சென்னை போகிற லோக்கல் ஒன்று ஊதிக்கொண்டு போவது கேட்டது, அவர் ஏறியிருப்பார் என்று நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் போயிற்று. குழந்தைகள் பாயில் தூங்கிவிட்டன. கேன்டீன் அம்மா அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் யாருமே அழவில்லை. பாஸ்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சொல்ல ஆளில்லாமல், பக்கத்து ஊர்ச் சபைகளுக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வந்துபோகிற கப்பல்களுக்கும் ஜெபித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கவனித்தேன். கண்ணை மூடியபடியே அவர் தலையைக் கீபோர்டு பக்கம் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சுரீர் என்றது. எட்டி லேப்டாப்பில் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். அது அடங்கி முடியவில்லை, அதே மூச்சில் பாஸ்டர் "ஆமென்" என்றார்.

சபையே ஆமென் என்று பெருமூச்சுவிட்டது. அவர் கண்ணைத் திறந்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, காலி ஸ்டூலைப் பார்த்தார். எல்லோரையும் அனுப்பிவிட்டு முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கவாட்டுக் கதவு திறந்தது. தோளில் பையோடு அண்ணா நின்றுகொண்டிருந்தார்.

"எங்கடா போயிருந்த?" என்றார் பாஸ்டர்.

"டேஷனுக்கு மாமா."

"இன்னாத்துக்கு?"

"பெங்களூரு போலாம்னு. வேலை கெடைக்கிற மாரி இருந்துச்சி."

"அப்புறம் போவ வேண்டிதானே. இன்னாத்துக்குத் திரும்பி வந்த?"

"ரயிலு போயிடுச்சி மாமா. பெஞ்சுல குந்திகினு இருந்தேன். இங்க ஜெபம் கேட்டுகினே இருந்துச்சி. நடுவுல எப்டி ஏறுறது? முடியட்டும்னு பாத்தேன். ஒண்ணொண்ணா விட்டேன்."

குழாய் ஸ்பீக்கர் ஸ்டேஷனைப் பார்த்துக் கட்டியிருப்பதை நாங்கள் இருவருமே மறந்துபோயிருந்தோம். தான் செய்த சத்தம் தன் காதிலேயே விழ விழ, அவர் பெஞ்சில் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

பாஸ்டர் அவரையே பார்த்தார். "நீ நிறுத்தலியேடா" என்றார் கட்டிய தொண்டையோடு. "நீ நிறுத்துனாத்தானே நான் முடிக்க முடியும். பையன் கைய எடுக்கல, இன்னும் பரிசுத்த ஆவி அசைவாடுது, நாம எப்டி ஆமென் சொல்றதுன்னு நான் நின்னுகினு இருக்கேன்."

"நீங்க முடிச்சாத்தானே மாமா நான் கைய எடுக்க முடியும்."

"இன்னிக்கு மட்டுமாடா?"

"எப்பவும் அப்டித்தான் மாமா."

"எனுக்கும் எப்பவும் அப்டித்தான்டா."

நான் சிரித்துவிட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. இத்தனை வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்தக் கூடத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. ஒருவர் விடுவார் என்று இன்னொருவர், அவர் விடுவார் என்று இவர். ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு, சிரித்த வாயை எப்படி மூடுவது என்று தெரியாமல் நின்றேன்.

அன்று ராத்திரி பஸ்ஸுக்கும் அவர் கிளம்பவில்லை. மறுநாள் பெங்களூர்க்காரர்களுக்கு நான்தான் போன் போட்டுக் கொடுத்தேன். உடம்பு சரியில்லை என்று அவர் இழுத்து இழுத்துச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லி அவர்கள் வைத்துவிட்டார்கள். வைத்த பிறகும் இவர் காதில்தான் வைத்திருந்தார். இந்த முறை பாஸ்டரே பையைத் தூக்கிக் கொடுத்தார்.

"போடா நைனா. இங்க ஒண்ணும் கொறைஞ்சிடாது. உன் சத்தம்தான் இருக்குதே, பாப்பா அமுக்கிக்கும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அண்ணாவின் முகம் சுண்டிப்போனது. நம் கை இல்லாவிட்டால் விழுந்துவிடும் என்று இத்தனை வருஷம் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு, ஒரு பட்டன் போதும் என்று தெரிவது சின்ன அடியில்லை. அதுவும் பட்டனை அமைத்துக் கொடுத்தது அவரேதான்.

லேப்டாப்பைச் சபைக்கே விட்டுவிட்டார். "ஃப்ரீ தானே பாப்பா, அங்க போயி எறக்கிக்கிறேன்" என்றார். ஸ்டேஷனுக்கு நான் போயிருந்தேன். கை கொடுத்தேன். லோக்கல் வந்து நின்றது, ஆட்கள் ஏறினார்கள், அவர் என் கையைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். நான்தான் உருவிக்கொண்டேன். ஏறியதும் வண்டி நகர்ந்தது. நல்லவேளை, அது ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரம் இல்லை.

அவர் போய் வருஷங்கள் ஆகின்றன. அங்கே நன்றாக இருக்கிறார். விளையாட்டில் கதவு திறக்கிற சத்தம், காசு விழுகிற சத்தம் எல்லாம் செய்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவறாமல் போனில் ஒரு வரி வந்துவிடும். "முடிஞ்சிச்சா?" முடிந்தது என்று நான் பதில் போட்ட பிறகுதான் அவர் சாப்பிடுவாராம். ஒருமுறை நான் மறந்துபோய்ச் சாயங்காலம் போட்டேன். அதுவரை அறையில் சோற்றை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அன்று நன்றாகத் திட்டினேன். "முடிஞ்சப்புறம்தான் பாப்பா எறங்குது" என்றார்.

அந்த ஸ்டூலில் இப்போது நான்தான் உட்காருகிறேன். பாட்டு வரிகளோடு இதுவும் என் தலையில் வந்துவிட்டது. முதல் நாளே எனக்குள் முடிவு செய்திருந்தேன். நான் அவர் இல்லை. நாட்டுத் தலைவர்கள் ஒரு சுற்று முடிந்ததும் பட்டனை எடுத்துவிடுவேன், பாஸ்டரும் ஆமென் சொல்லிவிடுவார், எல்லோரும் நேரத்தோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

போன ஞாயிறு. ஒரு சுற்று முடிந்தது. விரல் பட்டனுக்கு மேலே இருந்தது. முதல் வரிசையில் கேன்டீன் அம்மா அப்போதுதான் முந்தானையை முகத்தில் வைத்திருந்தாள், தோள்கள் குலுங்கின. பாஸ்டர் ஒரு கண்ணை லேசாகத் திறந்து என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். யார் யாருக்காகக் காத்திருக்கிறோம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். பிறகு இருவருமே அவளைப் பார்த்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி நாட்டுத் தலைவர்களிடம் போனார். நான் விரலை எடுத்துக்கொண்டேன், பட்டனைத் தொடவில்லை. மதிலுக்கு அந்தப்பக்கம் ஓடுகிற ஆலையும் மதிலுக்கு இந்தப்பக்கம் ஓடுகிற ஆலையும் சேர்ந்து இரைந்துகொண்டிருந்தன.

மடியில் போன் ஒளிர்ந்தது. "முடிஞ்சிச்சா?"

ஒற்றைக் கையால் தட்டினேன். "இல்லண்ணா. தொங்கிகினு இருக்குது."